ஆஸ்டாரியன்: அந்த +2 ஸ்ட்ரெங்த் மருந்து யாருக்கு வேணும்? (கதையோட மூணு ஆக்ட்டுக்கும் ஸ்பாய்லர் உண்டு)

தாயக்கட்டை:
மக்களே, பால்டர்ஸ் கேட் 3 கேம் வந்தது 2023 ஆகஸ்ட் 3. அதுக்கப்புறம் எத்தனையோ பேட்ச் வந்தாச்சு, ஆனா அதுல நம்ம கூட வர்ற ரத்தக்காட்டேரி ஆஸ்டாரியன் பத்தின ஒரே கேள்வி மட்டும் ஓயவே இல்லை: "எல்லாம் சரியாத்தான் செஞ்சேன், ஆக்ட் 2ல அவன் மனசைத் திறந்து பேசற காட்சி வரவே இல்லையே, ஏன்?" எங்கே தவறுது, ஏன் தவறுதுன்னு ஒரே இடத்துல சேர்த்து வைக்கலாம்னுதான் இந்த இழை. "வெள்ளை முடி, ஐயோ" பதிவுகளுக்கும் இடம் உண்டு, ஆளுக்கு ஒண்ணு மட்டும்.

முதல் காரணத்தை நானே சொல்லிடறேன். பத்துல எட்டுப் பேர் தூங்கறதில்லை. முகாம் காட்சிகள் எல்லாம் வரிசையில காத்து நிக்கும், பெரும்பாலும் ஒரு லாங் ரெஸ்ட்டுக்கு (முகாம்ல ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு) ஒண்ணுதான் வெளியே வரும். சாப்பாட்டுச் சப்ளை தீர்ந்துடும்னு பயந்து தூக்கத்தைத் தள்ளிப் போட்டா வரிசை நீண்டுக்கிட்டே போகும். ஆக்ட் 1 எல்லையைத் தாண்டினதும் அதுல பாதி செத்துப்போகும். நடுத்தர பேலன்ஸ்டு மோடுல ஒரு முழு ரெஸ்ட்டுக்கு 40 சப்ளை, அதைவிடக் கஷ்டமான டாக்டீஷியன்ல 80. ஆனா ஒண்ணுமே போடாமலும் படுக்கலாம். உடம்பு பாதிதான் தேறும், காட்சி முழுசா வரும். சண்டை முடிஞ்ச கையோட ரெண்டு மூணு தடவை அப்படிப் படுங்க.

நடுநிசிநரி:
ரெண்டாவது காரணம் அப்ரூவல், அதாவது உங்க மேல அவனுக்கு இருக்கற மதிப்பு. ஆக்ட் 1ல நல்ல காரியம் எது செஞ்சாலும் "ஆஸ்டாரியன் டிஸ்அப்ரூவ்ஸ்"னு மூலையில வரும். அதைப் பார்த்துட்டு "இவனைக் காதலிக்கணும்னா கெட்டவனா ஆடணும்"னு முடிவு கட்டறாங்க. தேவையே இல்லை. சின்னச் சின்ன முடிவுகளுக்கு உங்க கூட நடந்து வர்றவங்கதான் முகம் சுளிப்பாங்க. டீஃப்லிங் (கொம்பு வெச்ச ஒரு இனம்) பிள்ளைகளுக்கு உதவப் போறப்ப அவனை முகாம்ல உட்கார வெச்சுட்டுப் போங்க. பூட்டு உடைக்கப் போறப்ப கூட்டிட்டு வாங்க.

அவன்கிட்டேர்ந்து வேகமா மதிப்பு வாங்கற வழி தீமை இல்லை, அவனுக்கு நேரா ஏதாவது கொடுக்கறது. ப்ளைட்டட் வில்லேஜ் மருந்துக்கடை நிலவறையில கிடைக்கிற நெக்ரோமன்சி ஆஃப் தே புத்தகத்தை அவன் கேப்பான், கொடுங்க. கண்ணாடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற காட்சி வந்தா, அவன் முகம் எப்படி இருக்குன்னு சொல்லுங்க. 200 வருஷமா தன் முகத்தையே பார்க்காதவன் அவன்.

புதுவரவு77:
கண்ணாடிக் காட்சியைப் பத்தி யாருமே எனக்குச் சொல்லலையே! சரி, ஒரு கேள்வி. ராத்திரி கடிக்க வர்றப்ப விடலாமா? மறுநாள் பிளட்லெஸ்னு ஒரு சிவப்பு ஐகான் வருதாமே?

தாயக்கட்டை:
விடுங்க. பிளட்லெஸ் என்பது அட்டாக், சேவிங் த்ரோ (தாக்குப்பிடிக்கற பகடை), எபிலிட்டி செக் (திறமைப் பகடை) மூணுலயும் -1. அடுத்த லாங் ரெஸ்ட் வரைக்கும்தான். பதிலுக்கு அவனுக்கு அதே மூணுலயும் +1. கணக்குப்படி வரவும் செலவும் சமம். நஷ்டம் வர்ற இடம் ஒண்ணே ஒண்ணு: "போதும், நிறுத்து"ன்னு சொல்லாம விட்டா அவன் நிறுத்த மாட்டான், உங்க ஆள் செத்துப்போவார். வில்லத்தனத்துல அப்படிச் செய்யறதில்லை. 200 வருஷமா எலியும் பூச்சியும் மட்டும் தின்னவனுக்கு முதல் தடவையா மனுஷ ரத்தம் கிடைச்சிருக்கு, எங்கே நிறுத்தணும்னு அவனுக்கே தெரியாது. நிறுத்தச் சொல்ற பொறுப்பு உங்களுது. இந்த ஒரு காட்சியிலேயே மொத்த உறவோட இலக்கணமும் இருக்கு.

வெண்தணல்:
அந்த இலக்கணம் இன்னும் முன்னாடியே தொடங்கிவிடுகிறது என்பேன். கதையின் ஆரம்பத்தில் கப்பல் விழுந்த இடத்துக்கு மேற்கே அவன் முதன்முதலாக அழைக்கும் காட்சியைப் பாருங்கள். புதருக்குள் மூளைப்பிராணி இருக்கிறது என்று பொய் சொல்லி அருகே வரவழைக்கிறான், அடுத்த நொடி கழுத்தில் கத்தி. பயந்தவன் செய்கிற காரியம் அது. பிறகு ஒரே மூச்சில் சிரித்துக்கொண்டு "டார்லிங்" என்கிறான். பயமும் தேனொழுகும் பேச்சும் அவனிடத்தில் ஒரே தசையின் இரண்டு அசைவுகள். வழியோரம் ரத்தம் வற்றிக் கிடக்கும் காட்டுப்பன்றியைத் தாண்டிப் போகாமல் நின்று பாருங்கள். ரத்தக்காட்டேரி என்று அவன் வாயால் சொல்வதற்கு முன்பே விளையாட்டு அங்கே சொல்லிவிடுகிறது.

சதுப்பு நிலத்தில் நிற்கும் காண்ட்ரெல் இன்னொரு கண்ணி. அவனைத் தேடி வந்த குர் இன வேட்டைக்காரர். பார்க்க நல்ல மனிதராகவே இருப்பார், நிஜத்திலும் நல்லவர்தான். ஆஸ்டாரியனைக் காப்பாற்றுவது எளிது. ஆனால் குர் மக்களின் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டுபோய்த் தன் எஜமான் கஸடோரிடம் சேர்த்தவன் இவன்தான் என்பது ஆக்ட் 3-ல் தெரியவரும்போது, காண்ட்ரெலிடம் நாம் பேசிய வசனங்கள் வேறு மாதிரி ஒலிக்கும். அடிமையாக இருந்தான், கட்டளையை மீற முடியாதவனாக இருந்தான், எல்லாம் உண்மை. சிறைக்கூண்டுக்குள், அவனிடம் ஏமாந்து வந்த செபாஸ்டியன் அவனைப் பார்த்துப் பேசும் பேச்சும் உண்மை. இரண்டில் எதையும் இந்தக் கதை தள்ளுபடி செய்வதில்லை. அவனை எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

கணக்குப்புலி:
உணர்ச்சிப் பதிவுகள் அருமை. இப்ப ஒரு நடைமுறைக் கேள்வி, அடிக்க வராதீங்க. ஆக்ட் 2ல வர்ற மூன்ரைஸ் டவர்ஸ் கோட்டையில அராஜ் ஒப்லோட்ரான்னு ஒரு ட்ரோ (இருட்டு எல்ஃப்) ரத்த வியாபாரி. ஆஸ்டாரியன் அவளை ஒரு தடவை கடிச்சா போதும், நிரந்தரமா +2 ஸ்ட்ரெங்த் (உடல் பலம்) தர்ற மருந்து கிடைக்குது. நிரந்தரமா! 17ல இருக்கிற ஃபைட்டர் 19 ஆகிடுவான். ஒரு கடி. ஆக்ட் 1ல நாம எல்லாரும் அவனுக்குக் கழுத்தை நீட்டலையா?

நடுநிசிநரி:
ஆஹா, வந்துட்டாரு.

வெண்தணல்:
நாம் நீட்டினோம், அவன் கேட்டான். இங்கே அவள் கேட்கிறாள், அவனுக்கு விருப்பமில்லை. அவள் ரத்தத்தில் ஏதோ கெட்டிருக்கிறது, வேண்டாம் என்று வாய்விட்டே சொல்கிறான். அவள் அவனிடம் பேரம் பேசவில்லை என்பதையும் கவனியுங்கள். உங்களைப் பார்த்துத் திரும்பி, அவனை இணங்க வைக்கச் சொல்கிறாள். சந்தையில் மாட்டைப் பிடித்து வந்தவனிடம் பேசுகிற மாதிரி. அந்த நிமிடம் நீங்கள் நிற்பது கஸடோர் 200 வருடம் நின்ற இடம். "உன் உடம்பைக் கொடு, எனக்கு லாபம்."

அதற்குத்தான் அவ்வளவு நல்ல மருந்தை வைத்திருக்கிறார்கள். +2 இல்லாமல் வெறும் 50 தங்கக் காசு என்றால் யாருக்கும் மறுப்பது கடினமில்லை. மறுப்பு மறுப்பாக ஆக வேண்டுமானால் இழப்பும் நிஜமாக இருக்க வேண்டும்.

தாயக்கட்டை:
கணக்குப் பேசறவங்களுக்குக் கணக்காவே பதில் சொல்றேன். ஹில் ஜயன்ட் எலிக்சர் குடிச்சா ஸ்ட்ரெங்த் நேரா 21. எத்தெல் பாட்டி ஆக்ட் 1லயே விக்கறா. ஆக்ட் 3ல ஹவுஸ் ஆஃப் ஹோப்ல இருக்கிற ஹில் ஜயன்ட் கையுறை போட்டா 23. க்ளவுட் ஜயன்ட் எலிக்சர் 27. இதுல எதைத் தொட்டாலும் அந்த +2க்கு வேலையே இல்லை, ஏன்னா இதெல்லாம் மேல கூட்டாது, நேரா அந்த எண்ணுல கொண்டுபோய் நிறுத்தும்.

கணக்குப்புலி:
எலிக்சர் ஒரு நேரத்துக்கு ஒண்ணுதான் குடிக்க முடியும். ஸ்ட்ரெங்த்துக்குக் குடிச்சா பிளட்லஸ்ட் எலிக்சர் போச்சு, அதோட ஒரு எக்ஸ்ட்ரா ஆக்‌ஷனும் போச்சு. கையுறையும் அப்படித்தான், அந்த இடத்துல வேற நல்ல கையுறை போட முடியாது. +2 எந்த இடத்தையும் அடைக்காது. சரி, சண்டைக்குன்னு கேக்கலை. மறுத்தா கதையில நிஜமாவே ஏதாவது கிடைக்குதா, இல்ல மனத்திருப்தி மட்டும்தானா?

நடுநிசிநரி:
கிடைக்குது. இழையைத் தொடங்கினப்ப கேட்ட கேள்விக்குப் பதிலே அதுதான்.

"முடிவு அவனோடது"ன்னு சொல்லி அராஜை அனுப்பிடுங்க. அப்புறம் அவன்கிட்ட பேசுங்க. முதல்ல நன்றி சொல்வான், சொல்லத் தெரியாம சொல்வான். காதல் பாதையில இருந்தா அடுத்து அந்தப் பேச்சு வரும். உங்களை மயக்கறது அவனோட ஒரு திட்டம். நீங்க விழணும், அவன் விழக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு. ரெண்டாவது பாதி பொய்ச்சுப் போச்சுன்னு அவனே ஒத்துக்கறான்.

அங்கே "கட்டிப்பிடி"ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும். மத்ததை விட்டுட்டு அதைத் தேர்ந்தெடுங்க. அவன் கையைப் பாருங்க. முதல்ல ரெண்டு கையும் எங்கே வைக்கிறதுன்னு தெரியாம அப்படியே நிக்கும். தோள் இறுகியிருக்கும். அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா, உங்க முதுகுல வந்து அமரும். ஆக்ட் 1 ராத்திரில அத்தனை ஜாலம் காட்டின அதே ஆள். தொடறதைத் தொழிலா செய்யத் தெரிஞ்சவனுக்கு, சும்மா அணைச்சா என்ன செய்யறதுன்னு தெரியலை.

புதுவரவு77:
இதைப் படிச்சுட்டு அஞ்சு நிமிஷம் திரையையே பார்த்துட்டு உட்கார்ந்துட்டேன். அராஜைக் கடிக்க வெச்சுட்டா என்ன ஆகும்?

தாயக்கட்டை:
மருந்து கிடைக்கும். அப்புறம் அவன் வந்து கணக்குக் கேப்பான், காதலே முறிஞ்சு போகலாம். இன்னொரு விஷயம்: மூன்ரைஸ் கோட்டையைத் தாக்கற கட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி, அவனைக் கூட்டிக்கிட்டே அவளைப் பார்த்துடுங்க. அவனை முகாம்ல விட்டுட்டுத் தனியா போய்ப் பேசிட்டு, "காட்சி வரலை"ன்னு இங்கே வந்து எழுதறவங்கதான் நிறைய.

ஆக்ட் 2ல விட்டுடக் கூடாத இன்னொண்ணு முதுகுத் தழும்பு. அது என்னன்னு ராஃபேல்ங்கற சாத்தானுக்குத்தான் தெரியும். ஷார் கான்ட்லெட் கோயிலுக்குள்ள இருக்கிற யூர்கிர்ங்கற அரக்கனைக் கொன்னா சொல்வான். சண்டை கஷ்டமா இருந்தா யூர்கிர்கிட்ட பேசிப் பாருங்க. தன் ஆட்களைத் தானே கொன்னுட்டு, கடைசியில தன்னையும் கொன்னுக்கற அளவுக்கு அவனை வாயாலேயே கொண்டுபோகலாம். அதுக்கப்புறம்தான் தெரியும், தழும்பு வெறும் சித்திரவதை இல்லை, நரகப் பிரபு மெஃபிஸ்டோஃபிலீஸோட கஸடோர் போட்ட ஒப்பந்தத்துல ஒரு பகுதி. ஏழு அடிமைகள் முதுகுல ஏழு துண்டு. சடங்கு முடிஞ்சா 7000 உயிர் போகும், கஸடோர் அசெண்டன்ட் (வெயிலையும் தாங்கற காட்டேரி) ஆவான்.

மைவிழி_பார்ட்:
ஆக்ட் 3 வந்தாச்சுன்னா நான் நேரா சண்டைக்குள்ள போறேன், இந்த இழையில அதுதான் குறையுது.

கஸடோரோட சண்டை தொடங்கின உடனே ஆஸ்டாரியன் சடங்கு வட்டத்துக்குள்ள இழுக்கப்பட்டுடுவான். அவனை நம்பி ரோல் பிரிச்சு வெச்சவங்க அங்கேயே ஆடிப்போயிடறாங்க. பயப்பட வேண்டாம், வேற யாராவது பக்கத்துல போய் ஹெல்ப் ஆக்‌ஷன் கொடுத்தா விடுபடுவான். அதனால வேகமா நகர்ற ஒருத்தரை அந்த வேலைக்குன்னே ஒதுக்குங்க. க்ளெரிக் இருந்தா முதல் சுற்றிலேயே டேலைட் மந்திரம் போடுங்க. கஸடோர் ரத்தக்காட்டேரி, வெளிச்சத்துல அவனுக்குப் பாதி பலம்கூட இல்லை. மூளைக்குள்ள டாட்போல் (ஒட்டுண்ணிப் புழு) இருக்கிறவரை ஆஸ்டாரியனுக்கு அந்த வெளிச்சம் ஒண்ணும் பண்ணாது.

தோத்துப்போனா கஸடோர் சவப்பெட்டிக்குள்ள ஓடுவான். அந்தப் பெட்டிகிட்டப் போறதுக்கு முன்னாடி F5 அழுத்தி சேவ் பண்ணுங்க. மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க. அடுத்து வர்றது பேச்சு, பகடை, திரும்ப முடியாத முடிவு. கைடன்ஸ் மந்திரம் போடறவர் பக்கத்துல நிக்கட்டும், 1d4 (நாலு பக்கப் பகடை) சும்மா வரும். பகடையைத் திரும்ப உருட்ட உதவற இன்ஸ்பிரேஷனை அதுக்குன்னு சேர்த்து வெச்சிருங்க, 4க்கு மேல சேராது.

வெண்தணல்:
அங்கே அவன் கேட்பது உங்களிடம் உதவி. தன் முதுகில் இருப்பதைத் தன்னால் பார்க்க முடியாது. உங்கள் கண் வழியே படித்து, கஸடோர் முதுகில் செதுக்க வேண்டும். ஏழாவது பலியாகத் தான் போகாமல் எஜமானைப் போடப் போகிறான். "இனி யாரும் என்னைத் தொட முடியாது" என்பதுதான் அவன் விரும்புவது. அது நியாயமான ஆசை. விலைதான் 7000.

கணக்குப்புலி:
இங்கே நான் எதிர்க்கட்சி. ஆக்ட் 2ல "முடிவு அவனோடது"ன்னு பாடம் எடுத்தீங்க. ஆக்ட் 3ல அவன் ஒண்ணு வேணும்னு தெளிவா கேக்கறான், நீங்க பெர்சுவேஷன் ரோல் போட்டு அவன் மனசை மாத்தறீங்க. இப்ப கஸடோர் இடத்துல நிக்கறது யாரு? அசெண்டடா அவனுக்கு வெயில் உண்டு, பசி கிடையாது, ஒவ்வொரு ஆயுத அடிக்கும் 1d10 நெக்ராடிக் கூடுது. அவன் சந்தோஷமாத்தான் இருக்கான்.

நடுநிசிநரி:
நல்ல கேள்வி, இதை ஒதுக்கிட்டுப் போக முடியாது. அசெண்டட் ரசிகர்களை "தப்பா புரிஞ்சுக்கிட்டவங்க"ன்னு சொல்ற பதிவுகள் எனக்குப் பிடிக்காது. அது ஒரு சோகக் கதை, அதை ரசிக்கலாம். ஆனா அந்த முடிவுக்கு அப்புறம் முகாம்ல அவன் பேசறதைக் கவனிங்க. உங்களைத் தன்னோட அடிமைக் காட்டேரியா மாத்தறேன்னு சொல்வான். அடிமைக் காட்டேரி முழுக் காட்டேரி ஆகணும்னா எஜமான் தன் ரத்தத்தைக் கொடுக்கணும். கஸடோர் அவனுக்குக் கொடுக்கலை. அவனும் உங்களுக்குக் கொடுக்க மாட்டான். பேட்ச் 6ல வந்த முத்தக் காட்சிகள்ல ஸ்பானா (அடிமைக் காட்டேரியா) இருக்கிறவனையும் அசெண்டட் ஆனவனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, யார் யாரைப் பிடிச்சிருக்காங்கன்னு கை சொல்லும்.

வெண்தணல்:
மொழிபெயர்த்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அசெண்டட் ஆஸ்டாரியன் காதலைச் சொல்லும் போதெல்லாம் "நீ என்னுடையது" என்கிற தொனி. தமிழில் எழுதினால் உயர்திணையா அஃறிணையா என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். எனக்கு "என்னுடையவள்" என்று எழுதக் கை வரவில்லை, "என்னுடையது" என்றுதான் வந்தது. ஸ்பானாக இருக்கிறவன் பேசுவதை எழுதினால் "உன்னோடு" வருகிறது. ஒன்று உடைமை வேற்றுமை, மற்றது உடனிகழ்ச்சி. இலக்கண வகுப்புக்கு மன்னிக்கவும்.

கணக்குப்புலியின் கேள்விக்கு வருகிறேன். ஆக்ட் 2-ல் முடிவு அவன் உடம்பைப் பற்றியது, அவனுடையது மட்டுமே. ஆக்ட் 3-ல் முடிவு கூண்டுக்குள் இருக்கும் 7000 பேர் உடம்பைப் பற்றியது. அதில் செபாஸ்டியன் இருக்கிறான், குர் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் முடிவை அவன் எடுக்க முடியாது. தவிரவும், நீங்கள் பேசி மாற்றினால் அவனை யாரும் கட்டிப்போடவில்லை. உதவ மறுத்துவிட்டு மனத்தையும் மாற்ற முடியாமல் போனால், அவன் உங்களை விட்டுப் போய்விடுவான். போகிற உரிமை அவனுக்கு இருக்கிறது. கஸடோரிடம் இருந்தபோது அது அவனுக்கு இருந்ததில்லை.

மைவிழி_பார்ட்:
மனசு மாறினா என்ன நடக்குதுன்னு யாரும் எழுதலை. சடங்குக் கத்தியாலேயே கஸடோரைக் குத்தறான். ஒரு தடவை இல்லை. செத்தப்புறமும் குத்திக்கிட்டே இருக்கான். அப்புறம் மண்டியிட்டு உடைஞ்சு அழறான். இசைகூட ஒதுங்கிடுது, மூச்சுச் சத்தம் மட்டும்தான். 2023 கேம் அவார்ட்ஸ்ல சிறந்த நடிப்புக்கான விருது நீல் நியூபனுக்குப் போனது ஏன்னு இந்த ஒரு அழுகை போதும். வெற்றிக் கூச்சல் எதிர்பார்த்து உட்கார்ந்தவங்க எல்லாருக்கும் தொண்டை அடைச்சுடுது.

புதுவரவு77:
அப்புறம் 7000 பேரை என்ன செய்யறது? விடுவிக்கறதா, கொல்றதா?

தாயக்கட்டை:
சுத்தமான பதில் கிடையாது. விட்டா நிலத்தடி உலகமான அண்டர்டார்க்குக்குப் போவாங்க, பசியோட 7000 காட்டேரிகள். கொன்னா, அவன் வாய்ஜாலத்தால ஏமாத்திக் கூட்டிட்டு வந்தவங்களையே ரெண்டாவது தடவை கொன்னதா ஆகும். எங்கள்ல பெரும்பாலானவங்க விடுதலை பக்கம். ஆனா "இது நல்ல முடிவு"ன்னு யாராவது நெஞ்சைத் தட்டிச் சொன்னா நான் நம்ப மாட்டேன்.

நடுநிசிநரி:
காதல் பாதையில இருக்கறவங்க இதுக்கப்புறம் அவனோட கல்லறைக்குப் போற காட்சியை விட்டுடாதீங்க. கல்லுல 229 முதல் 268 வரைன்னு இருக்கும், அந்த உலகத்தோட டேல் ரெக்கனிங் ஆண்டுக் கணக்குல. கதை நடக்கறது 1492. அதாவது அவன் 39 வயசுல செத்தவன். செத்து எழுந்து ஆயிரத்துக்கும் மேல வருஷம் ஆச்சான்னு ஒரு நிமிஷம் தலை சுத்தும். கஸடோர்கிட்ட 200 வருஷம்னுதான் ஆக்ட் 1லேர்ந்து சொல்லிட்டு வர்றான், கல்லு வேற கணக்கு சொல்லுது. எழுத்தாளர்கள் சறுக்கினாங்களா, வேணும்னே விட்டாங்களான்னு அடிச்சுக்க ஒரு தனி இழையே போடலாம்.

விலையும் இருக்கு, மறைக்க வேண்டாம். டாட்போல் போன பிறகு வெயில் அவனைச் சுடும். துறைமுகத்துல எல்லாரும் ஜெயிச்ச சந்தோஷத்துல நிக்கறப்ப அவன் மட்டும் தோல் கருகி நிழலைத் தேடி ஓடுவான். 2023 நவம்பர் 30 பேட்ச் 5 வர்றதுக்கு முன்னாடி அதுதான் அவனைக் கடைசியாப் பார்க்கற காட்சி, அதுக்காக ரசிகர்கள் கோபப்பட்டது நியாயம். ஆறு மாசம் கழிச்சு வர்ற ராத்திரி விருந்து அந்த பேட்ச்ல வந்த பிறகுதான் அவனுக்கு ஒரு வாழ்க்கை இருக்குன்னு தெரிஞ்சது.

கணக்குப்புலி:
சரி. எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்யுது. அராஜுக்கு முன்னாடி ஒரு சேவ் இருக்கு, அதுக்கே திரும்பறேன். ஹில் ஜயன்ட் எலிக்சர் எத்தெல்கிட்ட வாங்கித் தீர்ந்துபோச்சுன்னா?

தாயக்கட்டை:
அவளோட இன்னும் சண்டை போடலைன்னா கவலையில்லை. ஆக்ட் 2லேர்ந்து பழைய இடத்துக்குத் திரும்பிப் போகலாம். லாங் ரெஸ்ட் எடுத்தா கடைச் சரக்கு புதுசாகும்.

நடுநிசிநரி:
அதாவது, போய்த் தூங்குங்க புலி.